ஏரியைத் தின்ற மரம்

அம்மையார்குப்பத்தில் பொழுது விடிவது தறிச் சத்தத்தில்தான்.

திருத்தணிக்கு மேற்கே, ஆர்.கே.பேட்டைக்குப் பக்கத்தில் இருக்கிறது இந்த ஊர். நெசவாளர்கள் நிறைந்த ஊர். தெருவில் நடந்தால் இந்தப் பக்கம் ஒரு தறி, அந்தப் பக்கம் ஒரு தறி என்று சத்தம் கூடவே வரும். வடக்கே கொஞ்ச தூரத்தில் ஆந்திர எல்லை. கண்ணுக்கு எட்டிய தூரத்தில் மலைகள். மலைக்கும் ஊர்களுக்கும் நடுவே வயல்களும் ஏரிகளும்.

நெசவாளிக்கும் ஏரிக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். நிறைய உண்டு.

நூலுக்குச் சாயம் போடத் தண்ணீர் வேண்டும். பாவுக்குக் கஞ்சி போடத் தண்ணீர் வேண்டும். ஏரியில் தண்ணீர் நின்றால்தான் கிணற்றில் ஊற்று இருக்கும். வயல் விளைந்தால்தான் விவசாயி கையில் காசு புரளும். காசு புரண்டால்தான் பொங்கலுக்கு வேட்டி, சேலை வாங்குவார். ஆகவே ஏரி வறண்டால் தறியும் தூங்கும்.

நெசவாளிக்கு இன்னொரு விஷயமும் தெரியும். பாவில் ஒரு இழை அறுந்தால் துணி உடனே கிழிந்துவிடாது. அறுந்த இழையை முடிச்சுப் போடாமல் நெய்துகொண்டே போனால், அது பக்கத்து இழையில் சிக்கும். அது அடுத்ததை இழுக்கும். பிறகு ஒரு முழம் துணியே பாழ்.

காடு, மலை, ஏரி, வயல் எல்லாம் இப்படிப்பட்ட துணிதான். புல் ஒரு இழை. பூச்சி ஒரு இழை. மீன், கொக்கு, ஆடு, மனிதன் எல்லோரும் ஒவ்வொரு இழை. வெயிலும் மழையும் மண்ணும்கூட இழைகள்தான். உயிர் உள்ளவையும் உயிர் இல்லாதவையும் சேர்ந்த இந்த மொத்த ஏற்பாட்டுக்கு 1935-ம் ஆண்டில் ஒரு பெயர் வைத்தார், இங்கிலாந்து நாட்டுத் தாவர அறிஞர் ஆர்தர் டான்ஸ்லி. தமிழில் அதைச் "சூழல் மண்டலம்" என்கிறார்கள்.

பெயர் புதிது. சங்கதி பழையது. அதைப் பார்க்க எங்கேயும் போகவேண்டியது இல்லை. ஏரிக்கரையில் ஏறி நின்றால் போதும்.

ஏரிக்குள் சமையல்

ஏரித் தண்ணீரில் பச்சையாக ஒரு பாசி மிதக்கிறதே, அதுதான் அங்கே சமையல்காரர். அடுப்பு சூரியன். வெயிலையும் காற்றையும் தண்ணீரையும் வைத்து அது தன் உணவைத் தானே சமைத்துக்கொள்ளும். ஏரியில் வேறு எந்தப் பிராணிக்கும் இந்த வித்தை தெரியாது. தண்ணீரில் வளரும் செடிகொடிகளுக்கு மட்டும் தெரியும்.

பாசியைக் கண்ணுக்குத் தெரியாத சின்னஞ்சிறு ஜீவன்கள் தின்கின்றன. அவற்றையும் கொசுப் புழுக்களையும் சிறு மீன்கள் தின்கின்றன. சிறு மீனை விரால் விழுங்குகிறது. விராலுக்காக நாரை ஒற்றைக் காலில் தவம் இருக்கிறது. நீர்க்காகம் முக்குளித்து எழுகிறது.

சாப்பாடு முடிந்தது. எச்சில் இலையை எடுப்பது யார்? அதற்கும் ஆள் உண்டு. செத்த மீன், உதிர்ந்த இலை, சாணம் எல்லாவற்றையும் நுண்கிருமிகள் மக்க வைத்து உரமாக்குகின்றன. அந்த உரத்தில் மறுபடியும் பாசி வளருகிறது.

பறவைகளும் சும்மா சாப்பிட்டுவிட்டுப் போவது இல்லை. எச்சம் போடுகின்றன. அந்த எச்சம் கலந்த தண்ணீர் வயலுக்கு நல்ல உரம். இதை விஞ்ஞானிகள் சொல்வதற்கு முன்பே வேடந்தாங்கல் விவசாயிகள் தெரிந்து வைத்திருந்தார்கள். வெள்ளைக்காரச் சிப்பாய்கள் அந்த ஏரியில் பறவைகளைச் சுட்டபோது, ஊரார் செங்கல்பட்டு கலெக்டர் லயனல் பிளேசிடம் முறையிட்டார்கள். "பறவைகளை யாரும் சுடக்கூடாது" என்று 1798-ம் ஆண்டில் அவர் உத்தரவு எழுதிக் கொடுத்தார். அந்த ஊர் மக்கள் பறவைக்கு இரக்கப்பட்டதும் உண்மை. வயலுக்கு உரம் வேண்டும் என்று நினைத்ததும் உண்மை. இரண்டும் ஒன்றாக இருந்ததால்தான் அந்தச் சரணாலயம் இன்றும் இருக்கிறது.

ஏரிக்காக உயிர் தேய்ந்த வாலிபர்

ஏரியில் கொசு லட்சக்கணக்கில் இருக்கிறது. கொக்கு பத்தோ இருபதோதான் இருக்கிறது. ஏன்?

இந்தக் கேள்விக்குக் கணக்குப் போட்டு விடை சொன்னவர் ஒரு வாலிபர். அமெரிக்காவில் மின்னசோட்டா மாநிலத்தைச் சேர்ந்தவர். பெயர் ரேமண்ட் லிண்டமன். அந்த மாநிலத்தில் சேறு அடைந்துபோன ஒரு சிறு ஏரி உண்டு. 5 ஆண்டுகள் அந்த ஏரியே கதியென்று கிடந்தார் லிண்டமன். அவருடைய மனைவியும் கூட இருந்து உதவி செய்தார். பாசி எவ்வளவு, புழு எவ்வளவு, மீன் எவ்வளவு என்று எடுத்து எடுத்து எடை போட்டார்கள்.

அவர் கண்டுபிடித்தது இதுதான்: ஒரு ஜீவன் இன்னொன்றைத் தின்னும்போது, தின்றதில் பெரும் பங்கு ஓடவும் மூச்சு விடவும் செலவாகிவிடுகிறது. மிச்சம்தான் உடம்பில் ஒட்டுகிறது. பொதுவாகப் பத்தில் ஒரு பங்கு என்று பிற்பாடு வந்தவர்கள் சொன்னார்கள். 1,000 கிலோ பாசி இருந்தால் அதைத் தின்று 100 கிலோ புழு பூச்சி வளரும். அதைத் தின்று 10 கிலோ மீன் வளரும். மீனைத் தின்று ஒரு கிலோ கொக்கு வளரும். கொக்கு ஏன் குறைவு என்று இப்போது புரிகிறது அல்லவா?

லிண்டமன் இதை எழுதி ஒரு விஞ்ஞானப் பத்திரிகைக்கு அனுப்பினார். ஏரி ஆராய்ச்சியில் பழம் தின்று கொட்டை போட்ட இரண்டு நிபுணர்கள் அதைப் படித்துப் பார்த்தார்கள். "வெறும் கற்பனைக் கணக்கு, போடவேண்டாம்" என்ற கருத்தில் தள்ளிவிட்டார்கள். அவருடைய பேராசிரியர் ஹட்சின்சன் விடவில்லை. வாதாடினார். கடைசியில் ஆசிரியர் ஒப்புக்கொண்டார்.

கட்டுரை 1942-ம் ஆண்டு அச்சில் வந்தது. அதைப் பார்க்க லிண்டமன் இல்லை. சில மாதங்களுக்கு முன்பே கல்லீரல் நோயால் இறந்துவிட்டார். அப்போது அவருக்கு வயது 26.

இன்று கல்லூரியில் இந்தப் பாடம் படிக்கிற எல்லோரும் அந்தச் சேற்று ஏரியின் கணக்கைத்தான் படிக்கிறார்கள்.

ஏரிக்கும் நரை உண்டு

லிண்டமன் பார்த்த ஏரி சேறு அடைந்த ஏரி என்று சொன்னோம். அதில் ஒரு விஷயம் இருக்கிறது.

ஏரிக்கும் வயது ஆகும். ஒவ்வொரு மழைக்கும் மலையில் இருந்து மண் வருகிறது. இலை மக்கிப் படிகிறது. ஆண்டுக்கு ஆண்டு ஆழம் குறைகிறது. ஓரத்தில் கோரை முளைக்கிறது. சம்பு முளைக்கிறது. பிறகு அது சதுப்பு நிலம் ஆகிறது. பிறகு புல் தரை. பிறகு புதர். கடைசியில் மரங்கள் வந்து நின்றுகொள்கின்றன. "இங்கே ஒரு காலத்தில் ஏரி இருந்தது" என்று பேரனுக்குத் தாத்தா சொல்லவேண்டியதுதான்.

அப்படியானால் தமிழ்நாட்டில் ஆயிரம் ஆண்டுப் பழமை உள்ள ஏரிகள் எப்படி இன்னும் ஏரியாகவே இருக்கின்றன?

விடை விவசாயியின் மண்வெட்டியில் இருக்கிறது.

கோடையில் ஏரி வற்றியதும் மாட்டு வண்டிகள் உள்ளே இறங்கும். அடியில் படிந்த வண்டலை வெட்டி எடுத்து வயலில் கொட்டுவார்கள். வயலுக்கு எரு ஆயிற்று. ஏரிக்கு ஆழம் ஆயிற்று. கிழடு தட்டிய ஏரி மறுபடியும் வாலிபம் ஆயிற்று! வீட்டுக்கு ஓர் ஆள் வந்து மதகும் கால்வாயும் சரிசெய்தார்கள். இதற்குக் குடிமராமத்து என்று பெயர்.

இது ஏதோ போகிற போக்கில் செய்த வேலை அல்ல. காஞ்சிபுரம் பக்கத்தில் உள்ள உத்திரமேரூர்க் கோவில் சுவரில், முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டு இருக்கிறது. ஏறத்தாழ 1,100 ஆண்டுகளுக்கு முன் வெட்டியது. அதில் "ஏரி வாரியம்" என்ற குழுவைப் பற்றிச் சொல்லியிருக்கிறார்கள். குடவோலையில் பெயர் எழுதிப் போட்டு, ஏரியைப் பார்த்துக்கொள்ள ஆட்களைத் தேர்ந்தெடுத்தார்கள்.

ஆகவே நம் ஏரியில் மனிதனும் ஒரு ஜீவன். வேடிக்கை பார்க்கிற ஜீவன் அல்ல. வேலை செய்கிற ஜீவன். அவன் வேலையை நிறுத்தினால் ஏரி தன் பாட்டுக்குக் காடாகப் போய்விடும்.

நிறுத்தியும் விட்டான். பம்பு செட்டு வந்தது. கிணற்றில் மோட்டார் போட்டால் தண்ணீர் வருகிறது, ஏரி எதற்கு என்ற எண்ணம் வந்தது. மூட்டை உரம் வந்தது. வண்டல் எதற்கு என்ற எண்ணம் வந்தது. தமிழ்நாட்டில் ஏரி குளங்கள் சுமார் 39,000 உண்டு. அவற்றில் பலவற்றில் மண் ஏறிக்கொண்டே போயிற்று.

முதலில் வந்த நெசவாளி

வெறும் நிலம் இருந்தால் இயற்கை சும்மா விடாது. இதற்கு ஒரு கதை உண்டு. கட்டுக்கதை அல்ல, நடந்த கதை.

ஜாவா தீவுக்குப் பக்கத்தில் கடலுக்குள் கிரகடோவா என்ற எரிமலைத் தீவு இருந்தது. 1883-ம் ஆண்டு ஆகஸ்டு 27-ந் தேதி அது வெடித்தது. தீவில் பெரும் பகுதி கடலில் மூழ்கியது. மிச்சம் இருந்த இடத்தில் சுடுசாம்பல் மலை போல் குவிந்தது. புல் பூண்டு எதுவும் மிஞ்சவில்லை.

9 மாதம் கழித்து ஒரு பிரெஞ்சுக் குழு அங்கே போய் இறங்கியது. தேடித் தேடிப் பார்த்தார்கள். செடி இல்லை. பறவை இல்லை. உயிர் என்று ஒன்றே ஒன்றுதான் கிடைத்தது. அது ஒரு சின்னஞ்சிறு சிலந்தி. ஆள் இல்லாத அந்தத் தீவில் அது பாட்டுக்கு வலை பின்னிக்கொண்டு இருந்தது!

ஆம், அந்த ஊருக்கு முதலில் குடிவந்தது ஒரு நெசவாளி. குட்டிச் சிலந்திகள் நூலை நீளமாக விட்டு, அந்த நூலைக் காற்று தூக்கிக்கொண்டு போக, கடலையும் தாண்டிவிடும்.

பிறகு பாசி வந்தது. பெரணிச் செடிகள் வந்தன. புல் வந்தது. கடல் சில விதைகளைக் கரையில் ஒதுக்கியது. பறவைகள் பழம் தின்றுவிட்டு வந்து எச்சத்தில் விதை போட்டன. 50 ஆண்டுக்குள் அங்கே காடு எழும்பிவிட்டது.

முதலில் வருகிறவர்கள் முரடர்கள். வெயில் தாங்குவார்கள், பட்டினி தாங்குவார்கள். அவர்கள் மண்ணைக் கொஞ்சம் பக்குவப்படுத்திய பிறகு மென்மையான செடிகள் வரும். அவை பெருத்து நிழல் விழுந்ததும், வெயில் விரும்பிகளான பழைய ஆட்கள் மெல்ல விலகிவிடுவார்கள். வெட்ட வெளி காடு ஆவது இப்படித்தான்.

ஆனால் எல்லா இடத்திலும் முதலில் வந்தவர் விலகிவிடுவார் என்று நினைத்துவிடக்கூடாது.

ஜமைக்காவில் இருந்து வந்த விதை

திருத்தணிப் பக்கத்தில் அதை "வேலிக்காத்தான்" என்கிறார்கள். தெற்கே "சீமைக்கருவேலம்" என்பார்கள். ரோட்டு ஓரம், ரெயில் பாதை ஓரம், ஏரிக்குள், தரிசில் எங்கே பார்த்தாலும் முள்ளும் பச்சையுமாக நிற்கிறதே, அதுதான்.

பெயரிலேயே சொல்லியிருக்கிறது, இது சீமைச் சரக்கு என்று. சொந்த ஊர் மெக்சிகோ, மத்திய அமெரிக்கா பக்கம். அப்போது சென்னை ராஜதானியில் வன அதிகாரியாக இருந்தவர் பெட்டோம் என்ற வெள்ளைக்காரர். வறண்ட பூமியில் விறகுக்கு மரம் வேண்டும் என்று நினைத்தார். 1876-ம் ஆண்டில் விதை கேட்டு எழுதினார். ஜமைக்காவில் இருந்து விதை வந்தது. 1877-ல் கடப்பை ஜில்லா கமலாபுரத்தில் விதைத்தார்கள். திருத்தணி மலை மேல் நின்று வடக்கே பார்த்தால், அந்த மலைத் தொடர்களுக்கு அப்பால்தான் கடப்பை. வெகு தூரம் இல்லை.

கெட்ட எண்ணத்தில் கொண்டுவந்தது அல்ல. விறகுப் பஞ்சம் தீர்ந்ததும் உண்மை. எத்தனையோ ஏழை வீட்டில் அடுப்பு எரிந்தது இந்த முள் விறகால்தான். ராமநாதபுரம் பக்கம் இன்றும் கரி மூட்டம் போட்டுப் பிழைக்கிறவர்கள் உண்டு. இந்த மரத்தைத் திட்டுகிறவர்கள் அந்த அடுப்பையும் கொஞ்சம் நினைக்கவேண்டும்.

தவறு எங்கே நடந்தது? விருந்தாளி வந்தார். அவரைக் கட்டுப்படுத்தும் ஆட்கள் வரவில்லை. சொந்த ஊரில் இதைத் தின்னும் பூச்சிகளும் இதோடு போட்டி போடும் செடிகளும் உண்டு. இங்கே அவை இல்லை. இலையை ஆடு மாடு விரும்பித் தின்பது இல்லை. நெற்றை மட்டும் ஆசையாகத் தின்னும். நெற்று இனிக்கும். உள்ளே இருக்கும் விதை ஜீரணம் ஆகாது. சாணியோடும் புழுக்கையோடும் போய் விழுந்து, எருவோடு சேர்த்தே முளைக்கும். ஆட்டு மந்தை போகிற வழியெல்லாம் மரம் முளைத்தது இந்தச் சூட்சுமத்தால்தான்.

வேரோ பாதாளம் வரை போகும். அமெரிக்காவில் அரிசோனா மாநிலத்தில் ஒரு சுரங்கம் வெட்டியபோது, இந்த மர இனத்தின் வேர் 53 மீட்டர் ஆழத்தில் கிடைத்தது. அதாவது 17 மாடிக் கட்டிடத்தின் உயரம்! வேர் இப்படிப் போகிற மரம், பஞ்ச காலத்திலும் பச்சையாக நிற்பதில் ஆச்சரியம் என்ன?

"இது காற்றில் உள்ள ஈரத்தையே உறிஞ்சிவிடும்" என்றும் ஊரில் பேச்சு உண்டு. அவ்வளவு தூரம் போகவேண்டியது இல்லை. அது நிலத்தடித் தண்ணீரைக் குடிப்பதே போதும். அடர்ந்து வளர்ந்து வெயிலை மறைப்பதே போதும். கீழே புல் முளைக்காது. புல் இல்லாவிட்டால் வெட்டுக்கிளி இல்லை. வெட்டுக்கிளி இல்லாவிட்டால் அதைத் தின்னும் குருவிக்கு வேலை இல்லை.

மண் ஏறிக் கிடந்த ஏரிகள் இந்த மரத்துக்குக் கதவு திறந்துவிட்ட வீடு மாதிரி. உள்ளே வந்து உட்கார்ந்துகொண்டது. மரத்தின் அடியில் மண் மேலும் தங்கியது. வரத்துக் கால்வாய்களிலும் புகுந்தது. தண்ணீர் வரும் வழி அடைந்தது. ஏரியைத் தின்றது மரம்தான். ஆனால் ஏரியைச் சமைத்துப் பரிமாறியது, வண்டல் எடுப்பதை நிறுத்திய கை.

நாட்டுக் கருவேலம் அப்படி அல்ல. அதுவும் ஏரிக்குள் நிற்கும். தண்ணீரில் நின்று வளரும். கொக்கும் நாரையும் அதில் கூடு கட்டும். ஊரோடு ஒத்து வாழ அதற்குத் தெரியும். ஆயிரக்கணக்கான ஆண்டுப் பழக்கம்!

கோர்ட்டுக்கு வந்த ஆடு

இந்த மரம் படுத்திய பாடு நம்மோடு நிற்கவில்லை.

குஜராத்தில் கட்ச் பகுதியில் பன்னி என்ற பெரிய புல்வெளி உண்டு. எருமைக்குப் பெயர் போன இடம். உப்புப் பாலைவனம் பரவாமல் தடுப்பதற்காக, 1960-களின் தொடக்கத்தில் அங்கே இந்த மரத்தை வைத்தார்கள். பாலைவனத்தைத் தடுத்ததோ இல்லையோ, புல்வெளியில் பாதிக்கு மேல் மரம் பிடித்துக்கொண்டது.

ஆப்பிரிக்காவில் கென்யா நாட்டில் நடந்தது இன்னும் வேடிக்கை. பரிங்கோ ஏரிப் பக்கத்தில் ஆடு மேய்க்கும் ஜனங்கள், "இந்த மரத்தைக் கொண்டுவந்து எங்களைக் கெடுத்துவிட்டது சர்க்கார்" என்று 2006-ம் ஆண்டில் வழக்குப் போட்டார்கள். இனிப்பான நெற்றைத் தின்று தின்று ஆடுகளுக்குப் பல் சொத்தையாகி விழுந்துவிட்டது என்பது அவர்கள் புகார். சாட்சி? பல் போன ஓர் ஆட்டையே நைரோபி நகரக் கோர்ட்டுக்குக் கூட்டிவந்துவிட்டார்கள்!

சிரிப்புக்கு உரிய செய்திதான். ஆனால் பல் போன ஆடு மேய முடியாமல் சாகும். அது செத்தால் அந்த வீட்டில் பால் இல்லை.

அறுந்த இழைகள்

வெளியில் இருந்து ஓர் இழையைச் சேர்த்தால் என்ன ஆகும் என்று பார்த்தோம். உள்ளே இருக்கும் இழையை அறுத்தால்?

சீனாவில் 1958-ம் ஆண்டு அறுத்துப் பார்த்தார்கள். சிட்டுக்குருவி தானியத்தைத் தின்கிறது, ஆகவே ஒழிக்கவேண்டும் என்று உத்தரவு. ஊரே திரண்டு தகரம் தட்டியது. உட்கார இடம் இல்லாமல் பறந்து பறந்து, குருவிகள் களைத்து விழுந்து செத்தன. பிறகுதான் தெரிந்தது, குருவி தானியம் மட்டுமா தின்றது, பூச்சியையும் அல்லவா தின்றது என்று. பூச்சி பெருகிப் பயிரை அழித்தது. அடுத்து வந்த கொடிய பஞ்சத்துக்கு வேறு காரணங்களும் உண்டு. இதுவும் ஒன்று. 1960-ல் ஒழிக்கவேண்டியவற்றின் பட்டியலில் இருந்து குருவியை எடுத்துவிட்டு மூட்டைப்பூச்சியைச் சேர்த்தார்கள்.

நம் நாட்டில் அறுந்த இழை கழுகு. திருக்கழுக்குன்றத்துக்குப் போன பெரியவர்களைக் கேட்டால் சொல்வார்கள். உச்சி வேளையில் இரண்டு கழுகுகள் வந்து, அர்ச்சகர் கையால் சர்க்கரைப் பொங்கல் சாப்பிட்டுவிட்டுப் போகும். காலம் காலமாக நடந்த காட்சி. 1998-க்குப் பிறகு அவை வரவில்லை.

அந்தச் சமயத்தில் இந்தியா முழுவதும் பிணந்தின்னிக் கழுகுகள் கொத்துக் கொத்தாகச் செத்துக்கொண்டு இருந்தன. ஏன் என்று பல ஆண்டுகள் யாருக்கும் புரியவில்லை. 2004-ல் காரணம் வெளிவந்தது. மாட்டுக்கு வலி தீரப் போடும் டைக்ளோபினாக் என்ற மருந்துதான்! மருந்து போட்ட மாடு செத்து, அதைக் கழுகு தின்றால், கழுகின் சிறுநீரகம் கெட்டுவிடும். 2006-ல் மாட்டு வைத்தியத்தில் அந்த மருந்தைத் தடை செய்தார்கள். அதற்குள் சில வகைக் கழுகுகள் நூற்றுக்கு ஒன்றுகூட மிஞ்சவில்லை.

கழுகு போனால் போகட்டும் என்று இருக்க முடியுமா? செத்த மாட்டைச் சுத்தம் செய்ய ஆள் இல்லை. அந்த இறைச்சியில் தெருநாய்கள் கொழுத்துப் பெருகின. நாய் பெருகினால் வெறிநாய்க் கடியும் பெருகும். மாட்டுக்குப் போட்ட ஊசி, மனிதனின் காலைக் கடித்தது!

எல்லைக் கோடும் ஆற்று நீரும்

இனி அம்மையார்குப்பத்துப் பக்கம் திரும்புவோம்.

திருத்தணி வட்டாரம் முன்பு ஆந்திராவின் சித்தூர் மாவட்டத்தோடு இருந்தது. ம.பொ.சிவஞானம் முதலானோர் போராடினார்கள். 1960-ம் ஆண்டு ஏப்ரல் 1-ந் தேதி சென்னை ராஜ்யத்தோடு சேர்ந்தது. வரைபடத்தில் கோடு மாறியது. கொக்குக்கு அந்தக் கோடு தெரியாது. தண்ணீருக்கும் தெரியாது.

ஆந்திர மலைப் பக்கத்தில் பெய்யும் மழை லவா, குசா என்ற ஆறுகளாக இறங்குகிறது. பள்ளிப்பட்டுப் பக்கத்தில் அவை ஒன்று கூடிக் கொசஸ்தலை ஆறு ஆகின்றன. ராமன் பிள்ளைகள் இருவரும் இங்கே கைகோத்து ஓடுவதாக ஊரார் சொல்கிறார்கள். அந்த ஆறு பூண்டி ஏரிக்குப் போகிறது. 1944-ல் கட்டி முடித்த அந்த ஏரி, சென்னைக்குக் குடிதண்ணீர் தரும் ஏரி. மிச்சத் தண்ணீர் எண்ணூரில் கடலில் கலக்கிறது. ஆக, மலையில் ஒரு மரத்தை வெட்டினாலும் வைத்தாலும் அதன் கணக்கு எண்ணூர் மீனவர் வலை வரைக்கும் போகும்.

பூண்டிக்கு அருகில் அதிரம்பாக்கம் என்ற சிற்றூர் உண்டு. 1863-ம் ஆண்டில் ராபர்ட் புரூஸ் புட் என்ற நிலவியல் அறிஞரும் அவர் நண்பர் வில்லியம் கிங்கும் அங்கே கற்கோடரிகள் கண்டெடுத்தார்கள். பிற்காலத்தில் சாந்தி பப்பு குழுவினர் அதே இடத்தில் தோண்டி ஆராய்ந்தார்கள். 15 லட்சம் ஆண்டுகளுக்கு முன்பே அங்கே ஆட்கள் கற்கோடரி செய்திருக்கிறார்கள் என்று 2011-ல் அறிவித்தார்கள். கோடரிகளோடு மாட்டு இனத்தின் பல்லும் குதிரை இனத்தின் பல்லும் கிடைத்தன. இப்போது முள் மரம் நிற்கிற இந்தப் பக்கத்தில், அப்போது குதிரை இனங்கள் மேய்ந்திருக்கின்றன! ஆறு திசை மாறியிருக்கிறது. புல்லும் மரமும் எத்தனையோ தடவை மாறியிருக்கின்றன.

மாறுவது புதிது அல்ல. அந்த மாற்றங்களுக்கு ஆயிரம், பத்தாயிரம் ஆண்டு ஆயிற்று. முள் மரம் வந்து 150 ஆண்டுதான் ஆகிறது. கழுகு போனதற்கு 15 ஆண்டு போதுமாக இருந்தது.

வெட்டினால் போதாது

வேலிக்காத்தானை எடுக்கக் கோர்ட்டு உத்தரவுகள் வந்தன. அந்நிய மரங்களை அகற்றுவதற்காகத் தமிழக அரசு 2022-ல் ஒரு கொள்கையே வகுத்தது. பல ஊர்களில் பொக்லைன் இறங்கியது.

மரத்தை அரிவாளால் வெட்டுவது, தாடியைச் சிரைப்பது போல. அடிக்கட்டையில் இருந்து பத்துக் கிளை வெடித்து வரும். வேரோடு பிடுங்கவேண்டும். பிடுங்கினாலும் மண்ணுக்குள் விதை காத்திருக்கும். அடுத்த மழைக்கு முளைக்கும். அதை நாற்றாக இருக்கும்போதே, இரண்டு மூன்று ஆண்டுக்கு விடாமல் பிடுங்கிக்கொண்டு இருக்கவேண்டும். காலி இடத்தில் நாட்டுக் கருவேலமோ, புங்கனோ, நீர்மருதோ வைக்கவேண்டும். இல்லாவிட்டால் காலி வீட்டுக்குப் பழைய ஆளே திரும்பி வந்துவிடுவார். வரத்துக் கால்வாயைத் திறந்துவிடவேண்டும். வண்டலை எடுக்கவேண்டும். பொக்லைன் ஒரு நாள் வேலை. மற்றது ஏரி வாரியத்து வேலை.

செத்துப்போனதாகத் தோன்றும் ஏரி, பெரும்பாலும் சாவது இல்லை. வெடித்துக் கிடக்கும் சேற்றின் அடியில், ஈரம் இருக்கும் இடத்தில் விரால் பதுங்கி இருக்கும். தவளை மண்ணுக்குள் புதைந்து தூங்கும். கண்ணுக்குத் தெரியாத பூச்சிகளின் முட்டைகள், ஆண்டுக்கணக்கில் காய்ந்த மண்ணில் கிடந்தாலும் கெடாமல் இருக்கும். பாசியின் விதைத்தூளும் அப்படியே. எல்லாம் ஒரு மழைக்குக் காத்திருக்கும்.

கோடையில் வெயில் கொளுத்தும் ஊர்களைச் சொல்லும்போது, வானொலியில் திருத்தணியின் பெயர் தவறாமல் வரும். அந்த வெயிலும் தணிந்து ஐப்பசி பிறக்கிறது. வடகிழக்கில் மேகம் கறுக்கிறது. இரவு முழுவதும் மலை மேல் இடி. கால்வாயில் செந்நிறத் தண்ணீர் நுரைத்துக்கொண்டு வருகிறது. யாரும் போய்ப் பார்ப்பதற்கு முன்பே சத்தம் ஊருக்குள் கேட்டுவிடுகிறது. ஆயிரம் தவளைகள் ஒரே சமயத்தில் கத்தும் சத்தம்.

விடியற்காலையில் தறி மேடைக்குப் போகிறவர்கள் வாசலில் நின்று ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்கிறார்கள்:

"என்ன மாமா, ராத்திரி ஏரிக்குத் தண்ணி வந்துடுச்சு போல இருக்கே?"